யாரை நைனா என்று கூப்பிடுவது

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அவர்களுக்கு வேலை மிச்சம். கரும்பு வெட்ட வருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனை அணைத்துப் போடுகிற ஆட்கள், நினைத்தபோது கரண்ட்டை விட்டு நினைத்தபோது பிடுங்குகிறவர்கள், ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வருகிறேன் என்று வந்து என் வரப்பின்மேல் வேனை ஏற்றி நிறுத்திவிட்டு அரோகரா போடுகிறவர்கள், எல்லாரிடமும் கத்துவேன். கத்தி முடித்தால் எனக்குச் சரியாகிவிடும். கேட்டவர்களுக்கும் சரியாகிவிட்டதா என்று நின்று பார்த்ததில்லை. அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

அந்த வருஷம் என் மகள் மூன்றாம் வகுப்பு. திருத்தணிக்கு வெளியே, மலை நன்றாகத் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே அவளைச் சேர்த்திருந்தோம். நெல் அறுப்பு முடிந்து கொஞ்சம் மூச்சு விட்ட ஒரு நாள்தான் அதைக் கவனித்தேன். இந்தப் பெண் என்னைக் கூப்பிடுவதே இல்லை.

பேசாமல் இல்லை. பேசுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் கூப்பிடுவதில்லை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். நான் என் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டேன். மனைவி என் மாமன் மகள், நகரி பக்கம். என்னைப் பாவா என்பாள். எங்கள் வீட்டில் தமிழையும் தெலுங்கையும் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. முன்பெல்லாம் மகள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, "நைனோவ்!" என்று ஒரு குரல் விடுவாள். கிணற்று மேட்டில் இருக்கிற எனக்குக் கேட்கும். இப்போது அந்தக் குரல் இல்லை. வரப்பு முழுக்க நடந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அம்மா சாப்ட வரச் சொல்லுச்சி" என்கிறாள்.

ஒரு நாள் சும்மா சோதித்துப் பார்த்தேன். காது கேட்காததுபோல் களை பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா வரச் சொல்லுச்சி."

"யார சொல்ற?"

"உங்களத்தான்."

உங்களையா! நான் என்ன தாலுக்கா ஆபீஸ் ஆளா? என் வீட்டில் பிள்ளைகள் அப்பனை நீ, வா, போ என்றுதான் பேசும். அந்த 'ங்க' என் காதில் முள் மாதிரி ஏறியது. இந்தப் பக்கத்தில் முகம் தெரியாத ஆளிடம் வழி கேட்கும்போதுதான் அப்படி மரியாதை போடுவோம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"இன்னா பாவா, உனுக்கு இப்பதான் தெரிஞ்சிதா? எத்தினி நாளா நடக்குது. இஸ்கூல்ல வாய் தவறி சாரப் போயி நைனான்னு கூப்டுடுச்சாம். பசங்க எல்லாம் சிரிச்சிட்டாங்களாம். அன்னிக்குப் பூரா அவரு வந்தாலே, 'உங்க நைனா வந்துகினு இருக்காரு பாரு'ன்னு கிண்டலு. அதான் அந்த வார்த்தையே வேணாம்னு வாய மூடிக்கினு இருக்குது."

"வாய் தவறுனது அங்க. அதுக்கு என்னைக் கூப்டறத ஏன் விடணும்?"

"அத அதுகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு மனைவி சாம்பார் ஊற்றினாள்.

நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. இந்த உலகத்தில் நைனா என்று என்னைக் கூப்பிட இரண்டே ஜீவன்கள். அதில் ஒன்று, மூக்கு ஒழுகிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போகிற சின்னவன். அவனுக்கு வார்த்தையே இன்னும் முழுசாக வராது. மகள் கூப்பிடாத வீடு எனக்கு வீடாகவே இல்லை. பயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். கோபப்பட்டேன். அந்த சார்மேல்.

சார் அந்த ஜூன் மாதம்தான் மாற்றலாகி வந்திருந்தார். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் ஊர். முப்பது முப்பத்தைந்து வயது, தேய்த்த சட்டை. எதிரே பார்த்தால் சிரிப்பார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிள்ளைகளோடு சேர்ந்து இவரும்தான் சிரித்திருப்பார், வாத்தியாருக்கு வேறு என்ன பொழுதுபோக்கு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பு. வண்டியைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, சத்துணவுக் கூடத்தைச் சுற்றிப் போய் மூன்றாம் வகுப்பு ஜன்னல் ஓரமாக நின்றேன். என் வயதுக்கு அது அழகா என்று கேட்டால் இல்லைதான். சமையல்கார அம்மா கரண்டியும் கையுமாக என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி நின்றேன்.

உள்ளே கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் போர்டில் போட்டுக்கொண்டிருந்தான். பத்தைக் கடன் வாங்கினான், வாங்கிய இடத்தில் குறைக்க மறந்தான். ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்கே தெரிந்தது. 'டேய், கண்ண எங்க வச்சிக்கினு போடற?' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பையன் தானாகவே போர்டைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், திரும்பினான்.

"நல்லாத்தான் வந்துகிட்டு இருந்துது" என்றார் சார். "பரவால்ல நைனா. அழிச்சிட்டு இன்னொரு வாட்டி போடு."

நைனாவா? இவர் அந்தப் பையனை நைனா என்கிறார், ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லையே! அடுத்து ஒரு பெண்ணை, "நீ வா நைனா" என்றார். அவளும் வெகு சாதாரணமாக எழுந்து போனாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

என் மகள் முன்வரிசையில் இருந்தாள். இரண்டு கைகளிலும் முகத்தைத் தாங்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்தால் அவள் பார்வை தரையில் இருக்கும், இல்லை அவள் அம்மாவின் முந்தானையில் இருக்கும். வயிறு எரிந்தது எனக்கு. பொறாமைதான், வேறு என்ன பேர் வைப்பது?

அதற்குள் சார் என்னைப் பார்த்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். இரண்டு கைகளையும் கூப்பி, "வாங்க அண்ணாச்சி" என்றார்.

காத்திருந்த கோபத்துக்கு இது போதாதா!

"யாரு சார் அண்ணாச்சி? நான் இன்னா மளிகைக் கடையா வச்சிக்கினு இருக்கேன்? வெவசாயம் பண்றவன் நானு!"

அவர் திகைத்துப்போனார். பிறகு மெதுவாகச் சிரித்தார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"மன்னிச்சிக்கிடுங்க. எங்க ஊர்ல மூத்தவங்கள மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம்."

"இங்க அண்ணாச்சின்னா பருப்பு, எண்ண விக்கிறவரு."

"சரியாப் போச்சு. எனக்கு இந்த ஊர்ல எல்லாச் சொல்லுமே இப்படித்தான் ஆகுது" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க வந்த விஷயம் எனக்குத் தெரியும். நைனா விஷயம்தான?" என்றார்.

அவரே சொன்னார்.

"ஒங்க பொண்ணு அன்னைக்கு என்னைய நைனான்னு கூப்பிட்டப்ப, பிள்ளைங்க எதுக்குச் சிரிக்குதுன்னே எனக்குத் தெரியல, பாத்துக்கிடுங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பெரியவரு என்னைய, 'இன்னா நைனா, சக்கரை போதுமா'ன்னுதான் கேப்பாரு. பால் ஊத்துற அம்மா 'வா நைனா'ங்கும். சரி, சின்னவங்களச் செல்லமா கூப்பிடுற சொல்லு போலன்னு நான் நெனச்சிட்டேன். அதனால இந்தப் பிள்ளை நைனான்னதும் நானும், 'என்ன நைனா?'ன்னு திருப்பிக் கேட்டுட்டேன். வகுப்பே உருண்டு சிரிக்குது. ஒங்க பிள்ளை அழுதுட்டா. சாயங்காலம் டீக்கடையில கேட்டப்பதான், அப்பாவுக்கும் அதே வார்த்தைதான்னு சொன்னாங்க. எனக்கு ராத்திரி முச்சூடும் மனசே சரியில்ல."

"அப்புறம்?" என்றேன். என் குரல் இறங்கிவிட்டது எனக்கே தெரிந்தது.

"அப்புறம் என்ன, மறுநாள்ல இருந்து எல்லாப் பிள்ளையையும் நைனான்னே கூப்பிட ஆரம்பிச்சிட்டேன். எல்லாரும் நைனான்னா யாரப் பாத்து யாரு சிரிக்க?"

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் இரண்டு பக்கமும் போகும். அப்பனும் நைனா, ஆசையாகக் கூப்பிட்டால் பிள்ளையும் நைனா. எங்கள் தெருவிலேயே, "எய்ந்திரு நைனா, எங்கப்பன் இல்ல?" என்று பிள்ளைகளை எழுப்புகிற வீடுகள் உண்டு. நான்தான் அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. என்னையும் என் நைனா கூப்பிட்டதில்லை. அவர் வாயில் எனக்கு 'டேய்'தான். என் வாயில் என் மகளுக்கு 'ஏய்', 'இந்தாடி', கோபம் வந்தால் எருமை.

"பசங்க சிரிக்கறது நின்னுடுச்சின்னா, என்னை ஏன் சார் இன்னும் கூப்ட மாட்டேங்குது?" என்று கேட்டேன். தெரியாத ஒரு மனிதரிடம் அதைக் கேட்டுவிட்டேனே என்று இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அவர் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். சொல்ல விருப்பமில்லை என்று தெரிந்தது. சொல்லுங்க சார், சொல்லுங்க சார் என்று நான் விடவில்லை.

"தப்பா எடுத்துக்கிடக் கூடாது. அன்னைக்கு ஒரு பையன் கேட்டான், 'இவரா உங்க நைனா?'ன்னு. அழுதுகிட்டே சொன்னா, 'எங்க நைனா இப்டி மெதுவாப் பேசாது'ன்னு. அவ்வளவுதான் சொன்னா."

அவர்மேல் கோபப்பட எவ்வளவோ பார்த்தேன். வரவில்லை. வர்றேன் சார் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே பாதித் தெரு வரை வந்துவிட்டேன். ஸ்டார்ட் பண்ணவேண்டும் என்றே தோன்றவில்லை.

என் மகளுக்குப் பள்ளிக்கூட விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் எழுதி, சின்னவனை மாணவனாக உட்கார வைத்துவிடுவாள். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் பாடம் நடத்துகிற அழகைப் பார்த்து நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். "கண்ண எங்க வச்சிக்கினு எழுதற? எருமமாடு! சோறு துன்ற இல்ல?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு போடு போடுவாள். "அப்டியே பாவாவ உரிச்சி வச்சிருக்குது" என்பாள் மனைவி. எனக்கு அதில் பெருமை வேறு! நம் பெண்ணுக்கு நம் குரல் வந்துவிட்டது என்று இரண்டு பேரிடம் சொல்லிக்கூட இருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்த சின்னவனின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலமும் விளையாட்டு நடந்தது. நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன், தூங்கவில்லை. சின்னவன் 'அ' எழுத வேண்டும். அவன் போட்டது அவிழ்ந்துபோன கயிறு மாதிரி இருந்திருக்கும், சந்தேகமில்லை. மகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். காத்திருந்தாள். என் மகள், காத்திருந்தாள்!

"நல்லாத்தான் வந்துகினு இருந்துச்சி" என்றாள். "அழிச்சிட்டுப் போடு நைனா. கோட்ட மேல தூக்கணும், பாத்துக்கிடு."

பாத்துக்கிடு! நெல்லைச் சீமையே என் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் வந்த என் மச்சான், "இன்னா பாவா, பாப்பா ஒரு மாதிரியா பேசுது?" என்று கேட்டான். யாரும் அவளை உட்கார வைத்து இதைச் சொல்லித்தரவில்லை. அந்த சார் கழித்தல் கணக்குதான் நடத்தினார். இவள் அவர் கை இருந்த இடத்தையும் குரல் இறங்கின இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு முன்னால் என்னிடமிருந்தும் அப்படித்தான் எடுத்திருக்கிறாள். நான் கொடுத்தேனா என்றால் இல்லை. கிடந்தது, எடுத்துக்கொண்டாள். கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்குள் இன்னும் என்னென்ன கிடக்கிறது என்று யோசித்தால், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. அழுகை வந்தது. இருமுகிற மாதிரி சமாளித்தேன்.

நானும் அவளை நைனா என்று கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். சொல்வது சுலபம். நாக்கு வளைய வேண்டுமே! காலையில் அவள் பை மாட்டிக்கொண்டு போகும்போது வாயைத் திறப்பேன், "இந்தா, பாத்து ரோட்ட தாண்டு" என்றுதான் வரும். பழக்கம் வரட்டும் என்று முதலில் மாட்டிடம் ஆரம்பித்தேன். "தள்ளி நில்லு நைனா" என்று பசுவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை மனைவி கேட்டுவிட்டாள்.

"இன்னா பாவா, மாட்டுக்கு வந்த வாழ்வா?" என்றாள்.

"நீ போயி ஒன் வேலையப் பாரு" என்று அவளிடம் கத்தினேன். ஒரே நாளில் திருந்த நான் என்ன சாமியாரா?

அப்படியே சில வாரங்கள் போயின. அடுத்த போகத்துக்கு நாற்றங்கால் தயார் செய்தோம். விதையை ஊறவைத்து, முளை கட்டி, பதமாகச் சேறு மட்டம் பண்ணி விதைத்தேன். மகளும் விடுமுறை நாளில் கூடவே நின்று முளை கட்டிய நெல்லைக் கூடையில் ஏந்திக் கொடுத்தாள். பேச்சில்லை. கூடையை நீட்டுவாள், நான் வாங்குவேன்.

எங்கள் போர் மோட்டாரைச் செல்போனிலேயே ஓடவிடலாம். ஸ்டார்ட்டரோடு சிம் போட்ட பெட்டி ஒன்றை மாட்டியிருக்கிறேன். ஒரு நாள் உரம் வாங்கத் திருத்தணிக்குப் போயிருந்தபோது கரண்ட் வந்துவிட்டதாகப் போனில் தகவல் வந்தது. கரும்புக்குப் போகட்டும் என்று அங்கிருந்தே மோட்டாரைப் போட்டுவிட்டேன். முதல்நாள் மாலை மடையை நாற்றங்கால் பக்கம் திருப்பிவிட்டது நானேதான். அது நினைவில் இல்லை. அரை மணி நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் நினைவில் இல்லை. கடையில் கரும்பு விலை பற்றி ஒரு ஆள் தப்பாகப் பேச, நான் அவனை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் நாற்றங்கால் இல்லை. தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்குப் போயிருந்தது. விதை எல்லாம் அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் சேற்றோடு சேறாக ஒதுங்கிக் கிடந்தது. குருவிகள் ஏற்கெனவே வந்துவிட்டன.

யாரைத் திட்டலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. மோட்டாரைப் போட்டவன் நான், மடையைத் திறந்தவன் நான், மறந்தவனும் நான். வாயைத் திறந்தால் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். அதற்குக்கூட வாய் வரவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் வரப்பு மேலேயே நடந்து வருகிற சத்தம் கேட்டது. வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். அம்மா வரச் சொல்லுச்சி என்பாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நான் திரும்பவில்லை. என் முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்றிருந்தது.

பிறகு, என் தோளில் ஒரு கை. சாக்பீஸ் தூள் ஒட்டிய சின்னக் கை.

"பரவால்ல நைனா" என்றாள். "இன்னொரு வாட்டி போடலாம்."

அப்பனைக் கூப்பிட்டாளா, தப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆங் நைனா" என்றேன். "போடலாம்."